ருவைதா சுமந்த பதினேழு வீடுகள்

யாவோர்னிக்கில் மனிதர்களை ஆண்டுக்கு ஒரு முறை நிறுப்பார்கள். மே மாதம் ஆறாம் தேதி, கிறிஸ்தவர்கள் புனித ஜார்ஜின் திருநாள் என்றும், முஸ்லிம்கள் ஹிதிரெல்லெஸ் என்றும், ரோமா மக்கள் எதெர்லெஸி என்றும் அழைக்கிற, பெயர் எதுவானாலும் எல்லா முற்றங்களிலும் ஆட்டுக்குட்டி ஒரே விதமாக வாட்டப்படுகிற அந்த நாளில், குளிர்காலம் யாரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டு போயிற்று என்பதை அறிவதற்காக, தொட்டில் குழந்தை முதல் தடியூன்றி வருகிறவர் வரை எல்லோரும் சதுக்கத்து நீரூற்றின் அருகே வரிசையில் நிற்பார்கள். முற்காலத்தில் வால்நட் மரக்கிளையில் தூக்குக்கோல் கட்டி நிறுத்தார்கள். புகையிலைக் கொள்முதல் நிலையம் மூடப்பட்ட பிறகு, அங்கே எழுத்தராக இருந்த குஸ்மான், பழைய இரும்புக்குப் போகவிடாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த, இரண்டு டன் வரை நிறுக்கக்கூடிய மேடைத் தராசில் நிறுத்தார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், அப்படிப்பட்ட ஒரு மே ஆறாம் தேதி காலையில், ருவைதா என்னும் கணவனை இழந்த பெண் அந்தத் தராசின் மேல் ஏறி நின்றபோது, முள் அறுநூற்றுப் பதினான்கு கிலோவில் போய் நின்றது.

ருவைதாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. முப்பது ஆண்டுகள் புகையிலை இலைகளைத் தரம் பிரித்ததில் விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன. உடம்போ, காற்றில் உலர்த்தப் போட்ட துணியைப் போல் மெலிந்தது. குஸ்மான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொருவருடைய எடையையும் படிக்கிற அதே குரலில், கூட்டாமலும் குறைக்காமலும், “ருவைதா, அறுநூற்றுப் பதினான்கு” என்று படித்தார்.

“குளிர்காலம் உனக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது, கோம்ஷி” என்றான் பாய்ராம். அவன் தகரவேலை செய்கிற ரோமா; திருமணங்களில் கிளாரினெட் வாசிப்பவன். கோம்ஷி என்றால் அண்டைவீட்டுக்காரர். அந்த மாவட்டத்தில் பேசப்படும் ஐந்து மொழிகளும் தமக்குள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்றாலும், அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டிருந்தன.

“என்னைப் பார்க்காதே, தராசைப் பார்” என்றாள் ருவைதா.

தராசைப் பார்த்தார்கள். பாய்ராம் ஏறினான்: அறுபத்தெட்டு. முழங்கால் வலிக்காரியான சாலிஹா என்ற துருக்கியப் பெண்மணி ஏறினாள்: இருநூற்று நாற்பது. “பொய் சொல்கிற இரும்பு!” என்று அவள் தராசை உதைத்தாள், வலித்தது அவள் காலுக்குத்தான். கடைசியில் குஸ்மான் தாமே ஏறினார்; முள் முந்நூற்று இரண்டைக் காட்டியது; அவர் இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் ஏறினார்; முந்நூற்று இரண்டுதான்.

இங்கே அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாவோர்னிக்கிலிருந்து பிழைப்புக்காக வெளிநாடு போகிறவர்கள் தங்கள் வீட்டுச் சாவியை ஒருபோதும் சொந்தக்காரர்களிடம் கொடுப்பதில்லை. அண்ணனிடம் கொடுத்தால் அவன் வைக்கோலைக் கொண்டுவந்து அடுக்குவான், அதைப் பார்த்துத் தம்பி ஏணியைக் கொண்டுவந்து சாத்துவான், இரண்டாவது குளிர்காலத்தில் வீடு யாருடையது என்ற கேள்வி எழும். ஆகவே மதத்தாலோ மொழியாலோ வேறான ஒரு கோம்ஷியிடம்தான் சாவியைக் கொடுக்க வேண்டும், அவரும் அதைத் தம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, குளிர்காலத்தில் இரண்டு முறை அங்கே போய்க் கணப்பை மூட்டி, வசந்தத்தில் மெத்தைகளை வெயிலில் போட்டு, குழாய் வெடித்தால் அடைத்து, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். ஸ்லாவியக் கிறிஸ்தவர்களின் சாவிகள் துருக்கியரிடமும் ரோமாக்களிடமும் தொங்கின. மலைமேய்ச்சல் குடிகளான வ்லாஹ் மக்களின் சாவிகள் ஸ்லாவியரிடம் தொங்கின. ஸ்லாவ் மொழி பேசும் முஸ்லிமான ருவைதாவிடம், கணப்பை மூட்ட ஒருபோதும் மறக்காதவள் என்பதனாலும், சாவி வைத்திருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறந்தோ கிளம்பியோ போனதனாலும், எல்லோரையும்விட அதிகமான சாவிகள் வந்து சேர்ந்தன. புகையிலை நிலையம் மூடப்பட்டதும் ஓர் இலையுதிர்காலத்திற்குள் ஊரில் பாதி காலியாயிற்று. எடை வந்தது அதற்குப் பிந்திய மே மாதத்தில்.

காரணம் ஆகஸ்டில் தெரிந்தது. ஹாம்பர்க் நகரத்தில் ரொட்டி சுடும் வேலையில் இருந்த நிகோலா, மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் விடுமுறைக்கு வந்து பேருந்திலிருந்து இறங்கிய அதே நொடியில், நீரூற்றிலிருந்து வாளியோடு நடந்துகொண்டிருந்த ருவைதாவின் காலடி சட்டென்று லேசாகி, அவள் வாளித் தண்ணீரில் பாதியைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த நாள் இன்னொரு கார் வந்தது, அதற்கடுத்த நாள் மூன்று கார்கள் வந்தன, வர வர அவள் லேசானாள். அந்த ஆகஸ்டு முழுவதும் ருவைதா இளம்பெண்ணைப் போல் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள், ஒரு திருமணத்தில் வளையநடனத்தின் முனையில் நின்று கைக்குட்டையைச் சுழற்றினாள். மாதத்தின் கடைசி ஞாயிறன்று கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மலைக்கணவாயை நோக்கிப் போனபோது, விழுந்துவிடாமல் இருக்க நீரூற்றின் கல்லில் உட்கார்ந்துகொண்டு, “இது நிகோலா, கணவாயைத் தாண்டிவிட்டான், இது ஆசென் வீட்டார், மூத்தவள் இந்த ஆண்டு வளர்ந்துவிட்டாள்” என்று சொல்லிக்கொண்டே, காருக்குக் கார் கனத்தாள்.

ஊர் வியப்படைந்தது என்று சொல்ல முடியாது. போகிறவர்கள் தங்கள் எடையை எங்கேயாவது வைத்துவிட்டுத்தானே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு வேகமாக எப்படிப் போயிருப்பார்கள் என்றாள் சாலிஹா. அதோடு விவாதம் முடிந்தது. எடை தசையைவிடத் தரையைத்தான் அதிகம் வருத்தியது. எனவே தரையைச் சரிசெய்தார்கள். பாய்ராம் நாற்காலிக் கால்களுக்கு இரும்புப் பட்டை அடித்தான், கட்டில்களைச் செங்கல் மேல் ஏற்றினான். நகரத்திற்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர், “இடப்பக்கம் சாலிஹா அக்கா, வலப்பக்கம் குஸ்மான் அண்ணா, ருவைதா அக்கா தயவுசெய்து வீட்டிலேயே” என்று உட்காரவைக்கப் பழகினார். மாவட்ட மருத்துவர் எல்லோருடைய தாளிலும் ‘வயதுக்கேற்ற எடை’ என்று எழுதினார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக ஒரே ஜீப்பில் வருகிற பாதிரியாரும் இமாமும், இறக்கத்தில் சாவி வைத்திருப்பவர்களில் எவரையும் ஏற்றிக்கொள்வதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயங்கள் அதிகமில்லை. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, தராசு பழுது என்று அறிக்கை எழுதி, புதிய தராசு ஒன்றை அனுப்பிவைத்தார். அதுவும் அதே எடையைக் காட்டியது. ஊருக்குப் புதுத் தராசு கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சாவிக்காரர்கள் நாளடைவில் நுட்பமாகக் கற்றுக்கொண்டார்கள். ஏனெனில் எடை, போன நாளில் இருந்தபடியே நிற்கவில்லை. போனவர்களோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது. கிராஸ் நகரத்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருந்த ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்பதை அவளுடைய தாய்க்கு முன்பாகவே ருவைதாவின் முழங்கால்கள் அறிந்தன. நிகோலா கொழுத்தான், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு குளிர்காலத்தில் மிலென் என்பவனுடைய எடை வாரத்திற்கு ஒரு கிலோ வீதம் குறைந்துகொண்டே வந்தபோது மட்டும் ருவைதா சிரிக்கவில்லை.

மிலென், எதிர்வீட்டுத் தெசாங்காவின் ஒரே மகன். தாயின் வீட்டுக்கு அருகிலேயே புதுவீடு கட்டி, அதில் ஒரு குளிர்காலம்கூட முழுதாக வசிக்காமல், வழக்கப்படி சாவியை ருவைதாவிடம் கொடுத்துவிட்டுப் போனவன். அவன் போன ஆண்டு, எடை எல்லாம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மழைநாளில் தெசாங்கா வந்து, அந்த வீட்டில் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், சாவியைக் கொடு என்று கேட்டாள்.

“நானும் கூட வந்து திறக்கிறேன்” என்றாள் ருவைதா.

“என் மகன் வீட்டுக்குள் நுழைய எனக்குக் காவலா?”

“வழக்கம் அப்படி. நீ தாய்.”

“நான் தாய் என்பதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.”

அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மிலென் இளைத்த அந்தக் குளிர்காலத்தில் ருவைதா குஸ்மானிடம், “அவளிடம் சொல்லுங்கள், பையன் சாப்பிடுவதில்லை” என்று மட்டும் சொல்லியனுப்பினாள். அந்த வாரமே தெசாங்காவிடமிருந்து புகையூட்டிய இறைச்சியும் வறுத்த மிளகாய் ஊறுகாயும் அடைத்த ஒரு பெட்டி தபாலில் போயிற்று, மார்ச் மாதத்திற்குள் நான்கு கிலோ திரும்பி வந்தது. இரண்டு பெண்களும் தெருவில் எதிர்ப்பட்டால் மற்றவளுடைய காலணியைப் பார்த்தபடி கடந்துபோகும் பழக்கத்தை விடவில்லை.

இப்படியே எட்டு ஆண்டுகள் போயின. ஆகஸ்டில் வரும் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. கடைசி மூன்று கோடைகளில் நான்கு, இரண்டு, ஒன்று என்று வந்தன. குழந்தைகளுக்கு அங்கே பள்ளி, பந்தயம், கடற்கரை. பெரியவர்களுக்கு அங்கேயே கல்லறை வாங்கிவிட்டவர்களும் உண்டு. ருவைதா கோடையிலும் லேசாகவில்லை. ஒன்பதாம் ஆண்டு மே ஆறாம் தேதி, பதினேழு வீடுகளின் முப்பத்து மூன்று பேரையும் தன்னையும் சேர்த்து அவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு கிலோ இருந்தாள்.

அந்த ஆண்டில்தான் ஸ்தேர்யோ அவளைக் கேட்டார்.

ஊருக்குக் கீழே ஓடும் மெத்வா ஆறுதான் எல்லை. இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஒரு முறை இக்கரையில் கூடும் சந்தைக்கு அக்கரை நாட்டவர்கள் வந்துபோக அனுமதி உண்டு. அறுபத்து மூன்று வயதான ஸ்தேர்யோ என்னும் வ்லாஹ், மனைவியை இழந்தவர், தோல்பையில் முதிர வைத்த பாலாடைக்கட்டியை அங்கே கொண்டுவந்து விற்பார். முதல் நாள் ருவைதா அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சு முறிந்தது. அடுத்த சந்தைக்கு அவர் கருவாலி மரத்தில் வேறு பெஞ்சு செய்து எடுத்துவந்தார், அதுவும் முறிந்தது. மூன்றாவது முறை இரண்டு தட்டைக் கற்களைக் கழுதையின் மேல் ஏற்றிவந்து போட்டார். அந்தக் கற்களின் மேல் அவர்கள் இரண்டு ஆண்டுகள் சந்தைதோறும் உட்கார்ந்தார்கள்.

“என் வீட்டுத் தரை கல்தரை” என்றார் ஒரு நாள், பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே.

“எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள்?”

“பாட்டன் போட்ட தரை. ஆழமாகப் போட்டது. நீ அதன் மேல் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது. தினமும்.”

ருவைதா எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு, “கத்தியைக் கீழே வையுங்கள், விரலை வெட்டிக்கொள்ளப் போகிறீர்கள்” என்றாள். அதுவே சம்மதம் என்பது இருவருக்கும் புரிந்தது.

அவர் இங்கே வந்து வாழ முடியாது. நூற்று நாற்பது ஆடுகளுக்கு எந்த அரசும் எல்லை தாண்டும் சீட்டு கொடுக்காது. அவள்தான் போக வேண்டும். ஆற்றின் மேல் இருந்ததோ போர்க்காலத்தில் படைவீரர்கள் போட்ட இரும்புப் பாலம். வெள்ளத்திற்குப் பிறகு அதன் முகப்பில் ‘ஒரு டன் மட்டும்’ என்று பலகை தொங்கியது. அடுத்த பாலம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பேருந்து ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எப்படியாவது போய்விட்டாலும் சாவிகளைக் கொண்டுபோகக் கூடாது, கதவு இருக்கும் கரையில்தான் சாவியும் இருக்க வேண்டும். அதாவது பதினேழு சாவிகளையும் யாரிடமாவது ஒப்படைக்காமல் ருவைதாவுக்குத் திருமணம் இல்லை.

குஸ்மானுக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு வருகிற யோசனை. “அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவோம்” என்றார். சோதனையாக நிகோலாவின் சாவியைப் பதிவுத் தபாலில் ஹாம்பர்க்குக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் ருவைதா நிகோலா வீட்டாரின் எடை அளவுக்கு லேசானாள், ஊர் கைதட்டியது, மற்ற பதினாறுக்கும் உறைகள் வாங்கக் குஸ்மான் கிளம்பியேவிட்டார். இருபத்திரண்டாம் நாள் சாவி திரும்பி வந்தது, ஒரு கம்பளிக் காலுறைக்குள், அரைக் கிலோ காபித்தூளோடும் ஒரு கடிதத்தோடும். சதுக்கத்தில் குஸ்மான் அதை உரக்கப் படித்தார்.

“ருவைதா அக்கா, சாவி கைக்கு வந்த நாள் முதல் நாங்கள் நான்கு பேரும் எட்டுப் பேராக இருக்கிறோம். லிஃப்ட் என்னை ஏற்றிக்கொள்வதில்லை. ரொட்டி அடுப்புக்கு முன்னால் மூன்று தரை ஓடுகள் வெடித்துவிட்டன, முதலாளி ஏதோ கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கேயும் இருந்து அங்கேயும் இருக்க என்னால் முடியாது, அக்கா. மன்னித்துவிடுங்கள். ஜன்னலோரத்து ஜெரானியம் இன்னும் இருக்கிறதா?”

“இருக்கிறது” என்றாள் ருவைதா, நிகோலா எதிரே நிற்பது போல. பிறகு காலுறைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். அவள் நின்ற கல் மெல்ல முனகியது. “பையனைத் தொந்தரவு செய்துவிட்டோம். நான் எங்கும் போகவில்லை. ஸ்தேர்யோவிடம் சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன்.”

அவள் அதை வருத்தமாகச் சொல்லியிருந்தால் ஊர் வருத்தப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கும். கணப்பை மூட்ட நேரமாயிற்று என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதை அவர்களால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, யாரும் யாரையும் அழைக்காமலேயே, யாவோர்னிக்கில் மிச்சமிருந்த நாற்பத்தொரு பேரில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் சதுக்கத்தில் கூடினார்கள். குஸ்மான் தராசை நகர்த்திக்கொண்டுவந்தார். ருவைதாவைப் பதினேழு சாவிகளோடு நீரூற்றின் கல்லில் உட்காரவைத்தார்கள். பிறகு ஆரம்பித்தது, சந்தையில்கூட அப்படி ஒரு கூச்சல் கேட்டதில்லை.

“ஆசென் வீட்டை நான் எடுக்க மாட்டேன்” என்றாள் சாலிஹா. “என் பிளம் மரத்தில் ஏறி மூன்று கிளையை முறித்தவன் அவன்.”

“அப்போது அவனுக்கு ஏழு வயது, அக்கா” என்றார் குஸ்மான்.

“இப்போது தொண்ணூறு கிலோ. மரம் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.”

“நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன், குஸ்மான் அண்ணா!” என்று யாரோ கத்தினார்கள்.

“நான் ஸ்லாவியன், கிறிஸ்தவன், அவனும் அப்படியே. வழக்கம் விடாது. வ்லாஹ் வீடுகள் இருந்தால் கொடுங்கள், இரண்டு வாங்கிக்கொள்கிறேன்.”

“இரண்டா? உங்கள் முழங்காலா பேசுகிறது, வாயா?”

“வாய்தான். முழங்காலிடம் இன்னும் கேட்கவில்லை.”

வாங்கினார் இரண்டு சாவிகள். விரல்கள் மூடியதும் அவர் ஊன்றியிருந்த கைத்தடி நடுவில் விரிசல் விட்டது. பாய்ராம் அங்கேயே அதைக் கம்பியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். யாரிடம் எது போகலாம், எது போகக் கூடாது என்று மதத்தையும் மொழியையும் எடையையும் முழங்காலையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் மதியம் தாண்டிவிட்டது. ஜீப்பில் வந்த பாதிரியாரும் இமாமும்கூட ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் சாலிஹாவே ஆசெனின் சாவியைக் கேட்டு வாங்கினாள். “திட்டுவதற்கு ஒருவன் வேண்டுமே” என்றாள்.

தெசாங்கா மட்டும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்க்காமல், பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்கெனவே இரண்டு துருக்கியக் குடும்பங்களைச் சுமப்பவள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மிலெனின் சாவி பாய்ராமுக்குப் போயிற்று. அவன் நேராக அவளிடம் நடந்து போய், “ஞாயிறுதோறும் தராசில் ஏறி, பையன் எடை என்னவென்று உங்களிடம் சொல்கிறேன், அத்தை” என்றான். அவள் நிமிராமல் ஒரு பிடி பீன்ஸை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள்.

மாலைக்குள் ருவைதாவின் மடி காலியாயிற்று. தராசில் ஏறினாள்: ஐம்பத்து நான்கு. கீழே இறங்கிய வேகத்தில் தடுமாறி விழப்போனாள். அவ்வளவு பலத்தோடு இறங்கத் தேவையில்லை என்பதைக் கால்கள் மறந்துபோயிருந்தன.

வியாழக்கிழமை காலை ஊர் முழுவதும் அவளைப் பாலம்வரை கொண்டுவிட வந்தது. மெதுவாக வந்தார்கள், புதிய சாவிக்காரர்களுக்கு நடை இன்னும் பழகவில்லை, முந்திய நாள் மழையில் பாதை வேறு குழைந்திருந்தது. ஒருவர் ஒரு ஜாடி தேன் கொடுத்தார், ஒருவர் ஊறவைத்த மிளகாய், ஒருவர் கம்பளிச் செருப்பு. பாய்ராம் கிளாரினெட்டில் மணமகளை வீட்டிலிருந்து அழைத்துப்போகும்போது வாசிக்கும் மெட்டை வாசித்தான். அக்கரையில் ஸ்தேர்யோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுதையைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

எல்லைக் காவலர் இளைஞர், கடலோர ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தாள்களைப் பார்த்தார், முத்திரை குத்தினார், மரியாதைக்காகப் பேச்சுக் கொடுப்பவர்போல், “போய் வாருங்கள், அம்மா. உங்கள் வீட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

கிளாரினெட் நின்றது.

நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினேழு சாவிகளை ஒரு ஞாயிறு முழுவதும் கத்திக் கத்திப் பங்கிட்டவர்களில் ஒருவருக்குக்கூட, இப்போது போகிறவள் ருவைதா என்பது தோன்றவில்லை. சாவி வாங்கி வைத்துக்கொள்கிறவளாகவே அவளை அவ்வளவு காலம் பார்த்திருந்தார்கள், அவளுக்கும் ஒரு கதவு உண்டு என்பதை மறந்துபோனார்கள்.

“சாத்திவைத்திருக்கிறேன்” என்றாள் ருவைதா. அவளுடைய சாவி கையில்தான் இருந்தது. கையுறைக்குள் மறைத்து வைத்திருந்தாள். “உங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே... நான் சொல்லவில்லை. சின்ன வீடு. ஒன்றும் ஆகாது.”

ஆனால் சாவியைக் கொடுக்காமல் யாவோர்னிக்கிலிருந்து போனவர் எவரும் இல்லை. கல்லறைக்குப் போனவர்கள்கூடக் கொடுத்துவிட்டே போனார்கள். கணப்பு மூட்டப்படாத வீட்டுக்காரரை ஊர் தன்னவர் என்று சொல்வதில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் முத்திரை விழுந்த பிறகும் அவள் கால் பாலத்தின் பலகையில் ஏறவில்லை. சாலிஹா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கி, பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்தாள். குஸ்மான் கம்பி சுற்றிய தடியைப் பார்த்தார். அக்கரையில் ஸ்தேர்யோ ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“வழி விடுங்கள்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தெசாங்கா சேற்றில் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து இறங்கி வந்துகொண்டிருந்தாள், கறுப்புத் தலைத்துணியை இறுகக் கட்டியபடி. கூட்டம் விலகியது. அவள் ருவைதாவின் எதிரே வந்து நின்றாள். பதினொரு ஆண்டுகளில் முதல்முறையாகக் காலணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

“கொடு.”

“உன்னிடம் ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள்” என்றாள் ருவைதா.

“எண்ண எனக்குத் தெரியும். கொடு.”

“தெசாங்கா, அந்த மழைநாளில் நான்...”

“அந்த மழைநாளில் நீ செய்ததுதான் சரி. அதற்காகத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை.” அவள் நீட்டிய கை நீண்டபடியே இருந்தது. “சாவியைக் கொடு, கோம்ஷி. பாவம், அந்த மனிதர் வெள்ளைச் சட்டையை அழுக்காக்கிக்கொள்ளாமல் எவ்வளவு நேரம் நிற்பார்?”

ருவைதா கையுறையைக் கழற்றிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். தெசாங்கா விரல்களை மூடவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு, “குளிர்காலத்தில் எத்தனை முறை?” என்று கேட்டாள்.

“இரண்டு. புகைபோக்கியின் இடப்பக்கத்துக் கல் தளர்ந்திருக்கிறது, கையை வைக்காதே.”

“வைக்க மாட்டேன். நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடு. பாலாடைக்கட்டியை மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே. ஒரு கிலோ இளைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், பெட்டி அனுப்பிவிடுவேன்.”

“தெரியும்” என்றாள் ருவைதா. திரும்பிப் பலகையின் மேல் ஏறினாள்.

பாலம் முனகவில்லை. அவள் பலகை பலகையாக நடந்தாள், முதலில் எச்சரிக்கையோடு, பிறகு சாதாரணமாக, பிறகு வேகமாக, தேன்ஜாடியும் செருப்பும் பையில் ஒன்றோடொன்று இடிபட, ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு ஆரம்பிக்கிற வெள்ளைக் கோட்டை நெருங்கினாள். இக்கரையில் தெசாங்கா விரல்களை மூடினாள். அந்த எல்லைக்கோட்டை ருவைதா தாண்டிய நொடியில் தெசாங்காவின் குதிகால்கள் ஈரமண்ணில் ஒரு விரற்கடை அமிழ்ந்தன, தோள்கள் குலுங்கின, பாய்ராம் பாய்ந்து வந்தான்.

“தொடாதே” என்றாள் தெசாங்கா உதடு அசையாமல். “அவள் திரும்பிப் பார்ப்பாள்.”

ருவைதா திரும்பிப் பார்த்தாள். ஸ்தேர்யோவின் கை ஏற்கெனவே அவள் பையின் மேல் இருந்தது. அக்கரையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம், நேராக, பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல் விறைப்பாக நின்று, ஒரு கைக்குட்டையின் பாரத்தை மட்டும் தன்னிடம் விட்டுவிட்டுப் போனவர்களுக்குக் கையசைப்பதுபோல் கையசைத்துக்கொண்டிருந்த தெசாங்காவைத்தான். ருவைதாவும் கையசைத்தாள். கழுதை நகர்ந்தது; இருவரும் நெட்டிலிங்க மரங்களுக்குள் ஏறும் பாதையில் நடந்தார்கள்; வெள்ளைச் சட்டை மரங்களுக்கிடையே இரண்டு முறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

தெசாங்கா இன்னும் சற்று நேரம் கையைத் தாழ்த்தாமல் நின்றாள், ஒருவேளை ஒரு திருப்பத்தில் மறுபடியும் தெரிந்தாலும் தெரியலாம் என்று.

“போய்விட்டார்களா?” என்று கேட்டாள்.

“போய்விட்டார்கள், அத்தை” என்றான் பாய்ராம்.

“நன்றாகப் பார்த்துச் சொல்.”

“போய்விட்டார்கள்.”

“அப்படியானால் இப்போது யாராவது என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றாள் தெசாங்கா.

நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.